முதுகுக்குப் பாட்டு இல்லை

நெஞ்சில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று பெயர். முதுகில் பட்டால் புறப்புண். முதலாவது பெருமை, இரண்டாவது கேவலம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். இந்த இரண்டு சொற்களையும் பலகையில் எதிரெதிரே எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும். பிள்ளைகள் சரியாகவே எழுதிவிடுவார்கள். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு முழிக்கிற பிள்ளைகளைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். அவருக்குக் காயம் முதுகில்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும் பாருங்கள், அதைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். எல்லாரும் நல்லவர்கள்தான். அடடா என்பார்கள், பாவம் என்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பின்னாடி இருந்து மறைஞ்சு சுட்டுட்டானோ?” என்று கேட்பார்கள். அதாவது, உங்கள் வீட்டுக்காரர் ஓடவில்லை என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம், பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பெரிய மனசு.

அவர் ஓடினார். யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடக்கே எல்லையில் ஒரு மலைச்சாவடி. பெயர் வைத்த போர் எதுவும் அப்போது நடந்துகொண்டிருக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எப்போதாவது பீரங்கிக் குண்டு வந்து விழும், அவர்கள் அதை ஷெல் என்பார்கள். இந்தப் பக்கத்திலிருந்தும் போகும். ஒருநாள் காலையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் விழ ஆரம்பித்திருக்கிறது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, நான் கேட்காமலே, எனக்கு வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே அவர் இதைச் சொன்னார்.

“சத்தம் கேட்டா ஓடணும் டீச்சரு. அதான் டிரெய்னிங்கு. பங்கரு, அதான் பதுங்குகுழி, பக்கத்துல இருந்தா அதுக்கு ஓடு, இல்லையா குப்புறப் படு. நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்னா எங்க ஆபீசரே செவுட்டுல விடுவாரு. அவரு ஓடுன்னாரு, ஓடுனேன். முதுகுல யாரோ ஒரு கை மொளகாப் பொடிய அள்ளி வீசுன மாதிரி இருந்துச்சு. அம்புட்டுத்தான்.”

அவரோடு ஓடிவந்த நண்பர் தேனிப் பக்கத்துக்காரர். தமிழில் பேசிக்கொள்ள அந்த மலையில் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆள் கிடையாது. பாதி தூரம் ஓடிய அந்த நண்பர், “செத்த நேரம் இருடா, டீய எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லித் திரும்பியிருக்கிறார். அந்தக் குளிரில் வைத்துவிட்டு வந்த டீ உடனே பச்சைத் தண்ணீர் ஆகிவிடுமாம். பழக்கதோஷம். திரும்பியதால், வந்து விழுந்த ஷெல்லுக்கு அவருடைய நெஞ்சு நேராக இருந்தது.

நெஞ்சில் பட்டது. ஆகவே விழுப்புண்.

அந்த நண்பருக்கு அவருடைய ஊரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மார்பளவுச் சிலை இருக்கிறது. சிலையைத் திறந்த அன்று ஒரு கவிஞர், பகைவன் முன்னே மார்பைக் காட்டி நின்ற வீரன் என்று ராகம் போட்டுப் பாடினாராம். என் கணவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பக்கத்தில் நண்பரின் அம்மா. அந்த அம்மாவை வைத்துக்கொண்டு டீயைப் பற்றிப் பேச முடியுமா? பேசவில்லை. அதில் எனக்குக் கோபம் கிடையாது. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம், பாட்டை வைத்தே உலகத்தை அளக்கிறவர்கள் மேல். நெஞ்சில் பட்டவர்கள் அநேகமாக வீட்டுக்குத் திரும்புவதில்லை. திரும்புகிறவர்கள் முதுகிலும் காலிலும் தோளிலும் பட்டவர்கள். நம் பாட்டெல்லாம் திரும்பாதவர்களுக்குத்தான். திரும்பாதவன் எழுந்து நின்று, ‘ஐயா, நான் டீ எடுக்கத்தான் போனேன்’ என்று சொல்லப்போவதில்லை. கல்லை நட்டோமா, மாலையைப் போட்டோமா, பாட்டை எழுதினோமா என்று வேலையை முடித்துவிடலாம். திரும்பி வந்து, பம்புசெட் ரிப்பேர் என்றும் பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் என்றும் அலைகிறவனை வைத்துக்கொண்டு என்ன பாடுவது?

பழம்பாட்டை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் புதுக்கதை எழுதுகிறவர்களுக்குக் குளுகுளுவென்று இருக்கும். அவர்களுடையது மட்டும் என்ன வாழ்கிறதாம்? அவர்களுடைய சிப்பாய் டிரங்குப் பெட்டியும் ரம் பாட்டிலுமாக லீவில் வருவான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் தந்தி வந்து கிளம்பிப் போய்ச் செத்துப்போவான். சாகாவிட்டால் பைத்தியமாகத் திரும்பி வருவான், தீபாவளி வெடிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நான் வாசித்த கதைகளில் எத்தனை பேர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள் தெரியுமா? அப்படி நடுங்குகிறவர்கள் நிஜமாகவே உண்டு. அவர்கள் வேதனையை நான் கேலி செய்யவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிற சோம்பேறித்தனத்தைச் சொல்கிறேன். ராணுவத்திலிருந்து வந்து அவர் விவசாயம் பார்க்கிற எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே கல்குவாரி இருக்கிறது. மத்தியானம் வெடி வைத்தால் ஜன்னல் கம்பி அதிரும். என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். “குவாரில வெடி போட்டாச்சு, சோத்தப் போடு” என்பார்.

அவருக்கு ஆகாதது வேறு. யாராவது ‘செத்த நேரம் இரு’ என்று சொன்னால் ஆகாது.

சற்று நேரத்தை எங்கள் பக்கத்தில் செத்த நேரம் என்போம். விடிந்ததிலிருந்து இந்த ஊரில் எல்லார் வாயிலும் அதுதான். பஸ் கண்டக்டர் சொல்வார், மருந்துக்கடைக்காரர் சொல்வார், ஒட்டன்சத்திரம் மண்டியில் எடை போடுகிறவர் சொல்வார். அதைக் கேட்டதும் என் கணவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிடுவார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். கொஞ்சம் கழித்து, வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிடுவார். எங்கள் வீட்டில் ‘கொஞ்சம் இரு’ என்றுதான் பேச்சு. சொந்தக்காரர்கள், “டீச்சரு வீடு, எல்லாம் செந்தமிழு” என்று கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும். இதை எந்தக் கதையிலும் நான் வாசித்ததில்லை. எழுதுகிறவர் ஒரு சிப்பாயோடு உட்கார்ந்து பேசியிருந்தால்தானே தெரியும்?

ஊரும் அவரோடு பேசுவது ஒரே விஷயம்தான். ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு ராணுவக் கேன்டீனில் மலிவு விலையில் பாட்டில் கிடைக்கும், அதற்குக் கோட்டா என்று பெயர். “என்ன மிலிட்டரி, இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா? நம்மளயும் கொஞ்சம் நெனச்சுக்கங்க” என்று டீக்கடையிலேயே மடக்குவார்கள். இவர் குடிப்பதில்லை. அதனால் இவருடைய கோட்டாவின் மேல் ஊருக்கே பாத்தியதை.

இனி அந்த முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் வீட்டில் இருந்தால் சட்டை போடமாட்டார்கள், தோட்டத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். இவர் மட்டும் பம்புசெட் தொட்டியில் குளிக்கும்போதும் பனியனோடு இறங்குவார். மிலிட்டரிப் பழக்கம் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். கல்யாணமான புதிதில் எனக்கே காட்டவில்லை. இரும்புச் சில்லுகளை எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். மூன்று நான்கு சில்லுகளை எடுத்தால் ஆபத்து என்று உள்ளேயே விட்டுவிட்டார்கள். சில இடங்களில் தொட்டால் உணர்ச்சி இருக்காது. எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது. இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று அவருக்கு ராணுவத்தில் சொல்லித் தரவில்லை. நம் ஊரில், நம் பள்ளிக்கூடத்தில், என் மாதிரி ஒரு தமிழாசிரியர்தான் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்.

மகள் பிறந்து, அப்பா முதுகில் யானைச் சவாரி ஏறுகிற வயதுக்கு வந்த பிறகுதான் அது மாறியது. ஒருநாள் பனியனுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, “அப்பா, கொசு கடிச்சிருச்சா?” என்று கேட்டாள்.

“ஆமா பாப்பா. பெரிய கொசு.”

“ஊதி விடவா?”

பனியனைத் தூக்கிவிட்டு, எச்சில் தெறிக்க முதுகு முழுவதும் ஊதினாள். அவர் குனிந்தபடியே இருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் பனியனைக் கழற்றித் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு குனிந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு அது வெறும் முதுகாகிவிட்டது. வேர்க்குரு வந்தால் பவுடர் போடுகிற முதுகு, மூட்டை தூக்குகிற முதுகு, மகள் சோப்பு நுரையில் பூனை படம் வரைகிற முதுகு. அதை வெறும் முதுகாக்க எங்களுக்கு அத்தனை வருடம் ஆயிற்று. அதைத்தான் போன வருடம் ஒரே காலையில் கெடுத்துவிட்டார்கள்.

டவுனில் ஓர் இலக்கிய மன்றம் போர் இலக்கியம் பற்றி ஒருநாள் கருத்தரங்கம் வைத்தது. என்னையும் ஒரு கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேலே நான் சொன்னதையெல்லாம் இன்னும் காரமாக எழுதி, ‘முதுகுக்குப் பாட்டு இல்லை’ என்று தலைப்பும் வைத்திருந்தேன். யாருடைய முதுகு என்று அதில் எழுதவில்லை. என் கணவர் வாசித்துப் பார்த்தார்.

“யாரத் திட்டுற?”

“எல்லாரையுந்தான்.”

“அப்ப சரி, நானும் வாரேன். பிரியாணி உண்டான்னு கேட்டு வையி.”

ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகளும், ‘நானும் வருவேன்’ என்று கிளம்பினாள். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் வரவேற்பின் அலங்காரத்தைப் பிரிக்க நேரமில்லை போல, பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு சோபாவில் இலக்கியவாதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிறப்புப் பேச்சாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மைக் இல்லாமலே மண்டபம் அதிரும் குரல், இருந்தாலும் மைக்கை விடமாட்டார். அவர் தன் நேரத்தையும் பேசினார், எனக்குப் பின்னால் வாசிக்க இருந்தவரின் நேரத்தையும் பேசினார், என் நேரத்தையும் பேசினார். யானையைக் கொன்றார், குதிரையைக் கொன்றார், குருதியாறு ஓடவிட்டார். வேர்த்துப்போய்த் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் யாரோ ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் நிர்வாகக் குழுவில் இருந்தார், அவருடைய வேலை அது. பேராசிரியர் முகம் மலர்ந்தது.

“இதோ இந்த அரங்கிலேயே ஒரு வீரர் அமர்ந்திருக்கிறார்! வாருங்கள் ஐயா மேடைக்கு!”

இரண்டு பேர் வந்து என் கணவரை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பேராசிரியர் தன் உள்ளங்கையால் என் கணவரின் நெஞ்சில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். “பகைவன் குண்டை இந்த நெஞ்சிலே ஏந்தியவர்! புறமுதுகு காட்டாத தமிழ் மரபின் வாழும் சாட்சி!” என்றார். காயம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. வீரன் என்றால் நெஞ்சுதான், இதில் கேட்க என்ன இருக்கிறது?

மண்டபமே கைதட்டியது. மகள் என் கையைக் கிள்ளினாள்.

“அம்மா, முதுகுலதான?”

நான் எழுந்துவிட்டேன். “ஐயா, முதுகுல! முதுகுல!” என்று கத்தினேன். கைதட்டலில் எதுவும் எடுபடவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, நான் சந்தோஷத்தில் கூவுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டினார். என் கணவருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். மைக் பக்கம் ஒரு எட்டு வைத்தார். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர், “சார், செத்த நேரம் அப்படியே நில்லுங்க” என்றார்.

அவர் அப்படியே நின்றார்.

மேடையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பொன்னாடையும் விறைப்புமாக ஒரு சிப்பாய், பக்கத்தில் நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஒரு பேராசிரியர். இதைவிட அழகான போட்டோ கிடைக்குமா? படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கீழே இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது அவர் கை சில்லென்று இருந்தது.

நேரமின்மை காரணமாக என் கட்டுரை மலரில் அச்சாகும் என்று அறிவித்தார்கள். கட்டுரையை நானே திரும்ப வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு பிரியாணி இல்லை, சாம்பார் சாதம். நாங்கள் அதையும் சாப்பிடாமல் கிளம்பினோம். பஸ்ஸில் அவர் பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். “நான் சொல்லட்டுமா, பேப்பர்ல போடச் சொல்லட்டுமா?” என்று என்னென்னவோ கேட்டேன். “விடு” என்றார்.

விட்டால் அது நம்மை விடுமா? சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. கீழே, ‘மார்பில் குண்டேந்திய மாவீரர்’ என்று எழுதியிருந்தது. மறுநாள் பள்ளியில் மகளின் வகுப்பு ஆசிரியை அவளை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். “ஏய், உங்கப்பா நெஞ்சுல இன்னும் குண்டு இருக்காடி?” என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இவள் ஆமா என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் பெருமையும் இருந்தது, திருட்டு முழியும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மண்டபத்தையே கொளுத்த வேண்டும் போல வந்தது.

டீக்கடையில் இன்னும் மோசம். எத்தனையோ வருடமாக அந்த முதுகைத் தொட்டியில் பார்த்தவர்கள்தான் இந்த ஊர்க்காரர்கள். படத்தையும் பார்த்தார்கள், தங்கள் கண்ணையும் நம்பினார்கள், இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். “நெஞ்சுல பாஞ்சு முதுகு வழியா வெளிய வந்துருச்சாமே? உசுரு தப்புனது பெரிய விசயம்ப்பா!” இதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மறுபடியும் பனியனோடு குளிக்க ஆரம்பித்தார். யாராவது நெஞ்சைப் பார்த்துவிட்டால்? அங்கே ஒரு கீறல்கூட இல்லையே. முன்னே முதுகை மறைக்கப் பனியன் போட்டவர், இப்போது நெஞ்சையும் சேர்த்து மறைக்க வேண்டியிருந்தது. பத்து நாளில் பனியன் போதாமல் சட்டையும் வந்துவிட்டது.

நான் பேராசிரியர் வீட்டுக்கே போனேன். சொல்லாமல்தான் போனேன், சொன்னால் இவர் விட்டிருக்கமாட்டார். பேராசிரியர் உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். காயம் முதுகில் என்றும், மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்றும் பதமாகத்தான் ஆரம்பித்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“டீச்சர், இத இம்புட்டுச் சத்தமாச் சொல்லாதீங்க. முதுகுன்னு வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்? தெரிஞ்சோ தெரியாமயோ உங்க வீட்டுக்காரரு மானத்த நான் காப்பாத்தியிருக்கேன்.”

“அவரு மானம் நல்லாத்தான் சார் இருந்துச்சு.”

“நீங்களும் தமிழ் படிச்சவங்க. இலக்கியம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான். நெஞ்சுன்னாத்தான் கேக்குறவனுக்குப் புல்லரிக்கும். முதுகுன்னா என்னத்தப் பேச?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது கெடக்கட்டும். சாருக்கு இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா? நமக்கு ஒண்ணு ரெண்டு ஆகுமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

மோர் டம்ளரை நான் கீழே வைத்த சத்தத்தில் உள்ளேயிருந்து அவருடைய வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “நெஞ்சுல பட்டவுக கோட்டா எல்லாம் அப்படியே கெடக்கு சார். அவுக வந்து வாங்க மாட்டாக. போயி அவுககிட்டக் கேட்டு வாங்கிக்கங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தேன். சத்தமாகத்தான் திட்டியிருப்பேன் போல, எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குள் பெட்டிகளை ஒட்டன்சத்திரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். நானும் மகளும் ஒரு வரிசையில், அவர் இரண்டு வரிசை தள்ளி. மகள் அந்த வாரம் முழுவதும் என்னவோ போல இருந்தாள். பரீட்சை பயம் என்று நினைத்திருந்தேன்.

“அம்மா, ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“முதுகுல பட்டுச்சுன்னா, அன்னைக்கு அப்பா ஓடுனாரா?”

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனாலும் இரண்டு வரிசை தள்ளி அவருடைய கை நின்றுவிட்டது. செடிக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது, திரும்பவில்லை.

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. புக்குல அப்படித்தானம்மா இருக்கு. ஓடுனவங்களுக்குத்தான முதுகுல படும்?”

எச்சில் தெறிக்க அந்த முதுகை ஊதிவிட்ட பிள்ளை இவள். கொசுக்கடி என்று நம்பியபோது அவளுக்கு அந்த முதுகு மேல் இருந்த பாசம், இரண்டு மதிப்பெண் கேள்வி படித்ததும் சந்தேகமாகிவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

“ஓடுனாருடி! உங்கப்பா ஓடுனாரு! நல்லா ஓடுனாரு! அன்னைக்கு அவரு ஓடலைன்னா நீயி ஏது, இந்தக் கேள்வி ஏது? அவரு ஓடுனதுலதான் நீ பொறந்திருக்க. போயி உன் கிளாஸ்ல சொல்லு!”

“கத்தாத டீச்சரு. அடுத்த தோட்டத்துல ஆளு இருக்கு” என்றார் அவர். வரிசைகளைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடம் அவளுக்குச் சொல்லாததைச் சொன்னார். அந்தக் காலை, அந்தத் தேனிக்காரர், டீ, திரும்பியது, எல்லாம். அந்தச் சொல்லையும் சொன்னார், ‘செத்த நேரம் இருடா’ என்று. அங்கே நின்றுவிடாமல் சொல்லி முடித்தார். மகள் அழுதாள்.

“அதுனாலதான் நம்ம வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டோமாப்பா?”

“ஆமா பாப்பா.”

“அப்ப நீங்க ஓடுனது தப்பில்லல்ல?”

“ஓடுனதுக்கு எனக்கு வெக்கமே இல்ல. ஓடச் சொன்னாங்க, ஓடுனேன்.” கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “நெஞ்சுல பட்டது அவனுக்கு. உசுரக் குடுத்து வாங்கினது. அந்த மேடையில அந்த ஆளு அதத் தூக்கி எனக்குப் போத்தி விடுறாரு, நானும் பேசாம நிக்கிறேன். அந்தப் போட்டோக்காரன் சொன்னதுனாலதான்னு உங்கம்மா நெனைக்கிறா. அது செத்த நேரந்தான். அதுக்கப்புறமும் மைக்கு அங்கதான் இருந்துச்சு. நான் பேசல. அங்கதான் பாப்பா நான் முதுகு காட்டிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷெல் விழுந்தபோது வராத வெட்கம் இப்போது வந்திருக்கிறது. அது வந்தபோதும், அதைச் சொல்ல அவர் வாயில் அகப்பட்டது அவர்களுடைய சொல்தான். தப்பு செய்தால் முதுகு, பயந்தால் முதுகு, பொய்க்குப் பேசாமல் இருந்தாலும் முதுகு. குழி விழுந்து, உணர்ச்சி செத்து, இன்னமும் இரும்பைச் சுமந்துகொண்டிருக்கிற அதே முதுகு.

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க!” என்று கத்தினேன். “வேற எப்படி வேணாலும் சொல்லுங்க, அதச் சொல்லாதீங்க!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“வேற எப்படிச் சொல்றது? நீதான தமிழ் டீச்சரு, சொல்லு.”

மகளும் என்னைப் பார்த்தாள். நான் படித்த தமிழையெல்லாம் தேடினேன். பலகையில் எழுதிப் போடுகிற அந்த இரண்டு சொற்கள்தான் வந்தன. கையிலிருந்த தக்காளியை வரப்பில் ஓங்கி அடித்தேன்.